வண்ணம் பூசுவதற்கு முன் பிளாஸ்டிக் மாடல் பாகங்களைக் கழுவத்தான் வேண்டுமா?

கேள்வி: சிறகுப்பட்டறை

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 (எழுபத்திரண்டில் ஒரு பங்கு) அளவுள்ள ஸ்பிட்ஃபயர் மார்க் 1 போர்விமான மாடலைக் கட்டவிருக்கிறேன். இதுவரை எனாமல் வண்ணங்களைத் தூரிகையால் பூசி வந்த நான், இந்த முறை ஏர்பிரஷுக்கும் (காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் கருவி) தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் வண்ணங்களுக்கும் மாறுகிறேன். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் பிரிட்டிஷ் போர்விமானங்களின் அடிப்பக்கத்தில் இடது இறக்கைக்குக் கறுப்பும் வலது இறக்கைக்கு வெள்ளையும் பூசியிருந்தார்கள்; அந்த அமைப்பைத்தான் செய்ய விரும்புகிறேன். அதற்கு முதலில் வெள்ளையைத் தெளித்து, அது காய்ந்தபின் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கறுப்பைத் தெளித்து, பிறகு டேப்பை உரிக்க வேண்டும். உரிக்கும்போது வெள்ளையும் சேர்ந்து வந்துவிடுமோ என்பதே என் கவலை.

ரெவெல் நிறுவனத்தின் வழிமுறைத் தாள்களில், பாகங்களை மென்மையான சோப்புக் கரைசலில் கழுவிக் காற்றில் உலரவிட்டால் வண்ணமும் டீகாலும் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படங்கள்) நன்றாக ஒட்டும் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் பல ஆண்டுகளாக மாடல் கட்டும் சிலரோ, தாங்கள் ஒருபோதும் கழுவியதில்லை என்றும், அதனால் எந்தக் குறையும் நேர்ந்ததில்லை என்றும் சொல்கிறார்கள். இதில் எதை ஏற்பது? கழுவுவதென்றால் எதைக் கொண்டு கழுவுவது, எந்தக் கட்டத்தில் கழுவுவது? விமானி அறைக்காகத் தனியாக வாங்கிய ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் வேறு வகைப் பிளாஸ்டிக்) இருக்கை ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா? எங்கள் வீட்டில் வருவது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குழாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு.

பதில்: கவசவண்டி

வணக்கம் நண்பரே. இரு தரப்பினரும் தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் வண்ணம் வேறு வேறு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மிஸ்டர் சர்ஃபேசர், டாமியா சர்ஃபேஸ் பிரைமர் போன்ற லாக்கர் வகைப் பிரைமர்களில் (வண்ணத்துக்கு முன் தெளிக்கும் அடிப்பூச்சு) உள்ள கடுமையான கரைப்பான், மாடல் பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைச் சற்றே இளக்கி அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தாலும் பெரும்பாலும் அதையும் கரைத்துக்கொண்டு போய்விடும். எனாமல் வண்ணத்தின் கரைப்பானும் எண்ணெயைக் கரைக்கக்கூடியதே. ஆகவே, எனாமலில் இதுவரை உங்களுக்குச் சிக்கல் வராததில் வியப்பில்லை. தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கின் நிலை வேறு. அது பிளாஸ்டிக்கைத் தொட்டு இளக்குவதில்லை. மேலே படர்ந்து, காய்ந்து, ஒரு தோலைப் போல உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தோலுக்கும் பிளாஸ்டிக்கிற்கும் நடுவே எண்ணெய் இருந்தால், சாதாரணமாகக் கையில் எடுத்துப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. டேப்பை உரிக்கும் அன்றைக்குத்தான் தெரியவரும். நீங்கள் செய்யப்போகும் கறுப்பு வெள்ளை அமைப்பில் டேப்பின் விளிம்பு விமானத்தின் நடுக்கோட்டில், எவரும் தவறாமல் பார்க்கும் இடத்தில் வருகிறது. எனவே உங்களுக்கு என் பதில்: கழுவுங்கள்.

பிளாஸ்டிக்கின்மேல் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால், எல்லோரும் உடனே அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வரத் தெளிக்கும் சிலிகோன் மருந்தைச் சொல்வார்கள். அது உண்டுதான். ஆனால் பெரிய நிறுவனங்களின் மெருகேற்றிய எஃகு அச்சுகளில் ஒவ்வொரு வார்ப்புக்கும் அதைத் தெளிப்பதில்லை. அச்சு துருப்பிடிக்காமலிருக்கப் பூசிவைத்த எண்ணெய், பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகளுக்கு இட்ட கிரீஸ், பிளாஸ்டிக் எளிதாக வழிந்தோடுவதற்காக அதிலேயே கலக்கப்படும் கனிம எண்ணெய் ஆகியவையும் மேற்பரப்புக்கு வரலாம். இறக்கையின் உள்பக்கத்தில் காசு போல வட்டத் தழும்புகள் இருக்குமல்லவா? அவை தள்ளுஊசிகளின் தடங்கள். சில பெட்டிகளில் அந்த வட்டத்தைச் சுற்றி மங்கலான பழுப்புக் கறையைக் காணலாம். விரலால் தேய்த்தால் வழுக்கும். குறைந்த எண்ணிக்கையில் வார்க்கும் சிறிய நிறுவனங்களின் பெட்டிகளில் இத்தகைய பிசுக்கு கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட அதிகமான எண்ணெயைப் பாகங்களில் பூசுவது நம்முடைய கைகள். கட்டத் தொடங்கிய நாள் முதல் பிரைமர் தெளிக்கும் நாள் வரை ஒவ்வொரு பாகத்தையும் எத்தனை முறை தொடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வியர்வை, தலையில் தடவிய தேங்காய் எண்ணெய், சாப்பிட்ட முறுக்கு, கைக்குப் பூசிய கிரீம் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. அந்தக் கிரீம்களில் பலவற்றில் டைமெத்திகோன் என்ற பெயரில் சிலிகோனே இருக்கிறது. ஆகவே, பெட்டியைத் திறந்ததும், பாகங்கள் இணைந்து வரும் ஸ்ப்ரூ சட்டத்தோடு ஒருமுறை கழுவிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் வெறுங்கையால் கையாண்டு, அப்படியே வண்ணம் தெளிப்பவர் கழுவாதவரைவிடப் பெரிதாக ஒன்றும் முன்னேறிவிடவில்லை என்பதே என் கருத்து. முதல் கழுவல் பசைக்கும், இடுக்குகளை நிரப்பும் பசைமாவான புட்டிக்கும் உதவும். வண்ணத்துக்கு உதவுவது பிரைமருக்குச் சற்றுமுன் செய்யும் இரண்டாவது துப்புரவு.

முதல் கழுவலை இப்படிச் செய்யலாம். டீகால் தாளை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டாமல், ஒரு பேசினில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில சொட்டுகள் விட்டு, அதில் மூழ்கவைத்து, மென்மையான பழைய பல்துலக்கியால் பேனல் கோடுகளின் (விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் மெல்லிய பள்ளங்கள்) போக்கிலேயே தேய்க்கவும். கொதிநீர் வேண்டாம். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் அருகில் இளகுவது என்றாலும், வார்ப்பின்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கத்தால் மெல்லிய பாகங்கள் அதற்கு முன்பே வளையத் தொடங்கிவிடும். ஆன்டெனாக் கம்பம் போன்ற மெல்லியவற்றின் பக்கம் பல்துலக்கியைக் கொண்டுபோகாமல், கரைசலில் ஆட்டி எடுத்தாலே போதும். தொட்டியின் வடிகுழாய்க்கு மேல் டீ வடிகட்டி ஒன்றை வைத்துவிடுவது நல்லது. உடைந்து விழுந்த பாகத்தைக் குழாய்க்குள் தேட முடியாது.

உங்கள் உப்புத் தண்ணீருக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, கட்டிச் சோப்பைத் தவிர்க்கவும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரண்டு பிளாஸ்டிக்கில் படியும். எதை நீக்கக் கழுவினோமோ அதையே திரும்பப் பூசியது போலாகிவிடும். பாத்திரம் துலக்கும் திரவங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஷாம்பூவும் வேண்டாம், ஏனென்றால் கண்டிஷனர் கலந்த ஷாம்பூக்களில் சிலிகோன் இருப்பது வழக்கம். இரண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. குடிநீரோ பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரோ பயன்படுத்தினால் வெள்ளைப் பொட்டுகள் படியாது. பிறகு மின்விசிறிக்கு நேரே வைக்காமல், சாப்பாட்டு மேசையில் ஈ மொய்க்காமல் மூடும் வலைமூடியின் கீழ் வைத்து உலரவிடுங்கள்.

பதில்: ரெசின்பித்தன்

மேலே நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெசின் இருக்கையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிளாஸ்டிக் பாகத்தைக் கழுவாமல் விட்டாலும் தப்பிவிடலாம், ரெசினைக் கழுவாமல் விட்டால் தப்புவது அரிது.

காரணம் வார்க்கும் முறையில் இருக்கிறது. பாலியுரேத்தேன் ரெசினைச் சிலிகோன் ரப்பர் அச்சில் கையால் ஊற்றுகிறார்கள். ரப்பர் அச்சு விரைவில் கிழிந்துபோகும் என்பதால், அதன் ஆயுளை நீட்டிக்க அச்சுமருந்தைத் தாராளமாகத் தெளிப்பவர்கள் உண்டு. மருந்தே தெளிக்காவிட்டாலும் அச்சின் ரப்பரிலிருந்தே கொஞ்சம் சிலிகோன் எண்ணெய் பாகத்துக்கு வந்து சேரலாம். உங்கள் இருக்கையை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பாருங்கள். இருக்கைப் பட்டைகளின் மடிப்புகளில் மெழுகு பூசியது போன்ற பளபளப்புத் தெரிந்தால் அது மருந்துதான்.

வெதுவெதுப்பான சோப்புக் கரைசலில் சில மணி நேரம் ஊறவிட்டுப் பல்துலக்கியால் தேய்த்து, அலசி, உலர்ந்தபின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் மறுபடி ஒருமுறை மடிப்புகளுக்குள் துலக்கினால் போதுமானது. வார்ப்பு அடிக்கட்டையை அறுக்கும் வேலையையும் தேய்க்கும் வேலையையும் தண்ணீர் தொட்டே செய்யுங்கள், முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிறகு லாக்கர் பிரைமர். தண்ணீர் சார்ந்த வண்ணத்தை வெறும் ரெசின்மேல் நேரடியாகப் பூசுவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. லாக்கரின் நெடி வீட்டில் ஒத்துவராது என்பவர்கள் மாடியிலோ பால்கனியிலோ பிரைமரை மட்டும் தெளித்துவிட்டு, மீதி வேலையை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

கழுவியது போதுமா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பாகத்தின்மேல் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று பொருள்.

பதில்: பாலிமர்வாத்தியார்

ரெசினைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. கடைசியில் சொன்ன தண்ணீர்ச் சோதனை மட்டும் இங்கே பொருந்தாது என்பதை அன்புடன் குறிப்பிட விரும்புகிறேன். அது உலோகத் தகடுகளுக்கும் கண்ணாடிக்கும் உரிய சோதனை. சுத்தமான உலோகம் தண்ணீரைத் தன்மேல் பரவவிடும். பாலிஸ்டைரீனோ எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீரை விலக்கும் தன்மையுடையது. அதன்மேல் ஒரு துளி ஏறக்குறைய 90 டிகிரி கோணத்தில் குந்தி நிற்கும். இந்தச் சோதனையை நம்பினால் நம் நண்பர் ஸ்பிட்ஃபயரை நாள் முழுவதும் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாறாக, சோப்பு சரியாக அலசப்படாமல் மிச்சம் இருந்தால் தண்ணீர் அழகாகப் பரவும். நாம் அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொள்வோம்.

தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் பிடிப்பதற்குத் திணறுவதும் இதே காரணத்தால்தான். வண்ணத் தயாரிப்பாளர்கள் அதன் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களைச் சேர்த்தே அதைப் பரவவைக்கிறார்கள். நடுவில் சிலிகோன் புள்ளி ஒன்று இருந்தால் அந்த ஏற்பாடும் பலிக்காது. வண்ணம் அந்தப் புள்ளியைவிட்டு ஒதுங்கி, மீன்கண் போல வட்டமான ஒரு குழியை விடும். இந்தக் குழிதான் உண்மையான சோதனை. கண்ணில் படாத ஓர் உள்பாகத்தில் பிரைமரைத் தெளித்து, ஒரு நாள் காயவிட்டு, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென உரித்துப் பாருங்கள். அதற்குமேல் நம்பகமான சோதனை வீட்டில் இல்லை.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பற்றியும் ஒரு சொல். அது பாலிஸ்டைரீனைக் கரைக்காது. எண்ணெயைக் கரைத்து எடுத்துவிட்டு விரைவில் ஆவியாகிவிடும். ஆனால் அதற்கு மாற்றாக வீட்டில் கிடக்கும் கை சானிடைசரை எடுத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த சானிடைசர் செய்முறையிலேயே கை வறண்டுபோகாமல் இருக்க 1.45 விழுக்காடு கிளிசரால் சேர்க்கப்படுகிறது. ஆல்கஹால் பறந்தபின் அது பாகத்தின்மேல் தங்கிவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குவதானாலும் பாட்டிலில் உள்ள சேர்மானத்தைப் படித்துவிட்டு வாங்கவும். பிரிட்டிஷ் மருந்துமுறைப்படி செய்யும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி, லாக்கர் தின்னர் ஆகியவை பாலிஸ்டைரீனையே கரைப்பவை என்பதால் இந்த வேலைக்கு அறவே ஆகா. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, விளக்கும் அடுப்பும் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

சிறகுப்பட்டறை

மூவருக்கும் மிக்க நன்றி. ஆளுக்கொரு பேச்சாகத் தோன்றியதற்கு வண்ணத்தின் வகைதான் காரணம் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் புட்டி இட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். அதன்பிறகு முழு விமானத்தையும் மறுபடி தண்ணீரில் முக்கலாமா? கண்ணாடி போன்ற விமானி மூடியையும் ஆல்கஹாலால் துடைக்கலாமா?

பதில்: கவசவண்டி

இரண்டுக்குமே வேண்டாம் என்பதுதான் பதில்.

ஒட்டி முடித்த விமானம் உள்ளே வெற்றிடம் உள்ள ஒரு கூடு. சக்கர அறை, புகைக்குழாய்த் துளை, ஒட்டாமல் விட்ட ஏதோ ஓர் இடுக்கு வழியாக உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியேறாது. நன்றாக உலர்ந்துவிட்டது என்று நம்பி ஏர்பிரஷால் ஊதும்போது, அந்தக் காற்றின் அழுத்தத்திலேயே ஒரு சொட்டு வெளியே வந்து ஈர வண்ணத்தின் குறுக்கே வழியும். விமானி அறையில் ஏற்கெனவே ஒட்டிய கருவிப் பலகை டீகாலும் நனைந்துபோகும். அத்துடன், நீங்கள் பயன்படுத்துவது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் புட்டியாக இருந்தால், ஊறி இளகி, இவ்வளவு பாடுபட்டு நிரப்பிய இணைப்புக் கோடு மறுபடி வாய்பிளக்கும். அந்தப் புட்டி இட்ட இடத்தில் ஆல்கஹாலையும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. அது அக்ரிலிக்கைக் கரைக்கும்.

அந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது வேறு. தேய்த்த தூள் பேனல் கோடுகளில் அடைந்து கிடக்கும். ஸ்பிட்ஃபயரின் இறக்கையை விளக்குக்குப் பக்கவாட்டில் பிடித்தால், கோடு இருக்க வேண்டிய இடத்தில் வெளிர்நிற மாவு நிறைந்திருப்பதைக் காண்பீர்கள். அதன்மேல் பிரைமர் விழுந்தால் கோடு நிரந்தரமாகத் தூர்ந்துவிடும். முதலில் மென்மையான உலர்ந்த தூரிகையால் கோட்டின் நீளவாட்டில் தூளை வெளியே தள்ளுங்கள். பிடிவாதமாக நிற்பதைப் பல்குத்தும் குச்சியின் முனையால் மெல்ல எடுக்கலாம். பிறகு நார் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து உடல் முழுவதும் ஒற்றித் துடைக்கவும். உலர்ந்த துணியால் தேய்த்தால் பாலிஸ்டைரீனில் நிலைமின்னேற்றம் உண்டாகி, அறையில் உள்ள தூசியை எல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும்; ஈரத்துணிக்கு அந்தக் குறை இல்லை. ஈரம் காய்ந்தபின், புட்டி இட்ட இடத்தை விட்டுவிட்டு, மற்றப் பரப்பை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தால் கைரேகைகள் போய்விடும். அந்த நேரத்திலிருந்து வெறுங்கையால் தொடக் கூடாது. மாவு தூவாத நைட்ரைல் கையுறை அணியுங்கள், அல்லது முன்சக்கர... இல்லை, ஸ்பிட்ஃபயருக்கு முன்சக்கரமே கிடையாது. மூக்கில் சுழலி பொருந்தும் துளையில் ஒரு குச்சியைச் செருகி, அதையே கைப்பிடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விமானி மூடிக்கு சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்குகளில் சில, குறிப்பாக அக்ரிலிக் கண்ணாடி வகையைச் சேர்ந்தவை, ஆல்கஹால் பட்டால் மயிரிழை போன்ற விரிசல்களை விடும். பெட்டிக்குள் இருப்பது எந்த வகை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாதபோது வீண் துணிச்சல் எதற்கு? கழுவியபின் அதன் உள்பக்கத்தில் கைரேகை படாமல் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியமானது. சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட்டின் ஆவி கைரேகையின்மேல் வெள்ளையாகப் படியும். தடயவியல் துறையினர் கைரேகை எடுக்கப் பயன்படுத்தும் வழியே அதுதான். மூடியை ஒட்டி முடித்தபின் கண்ணாடிக்குள்ளே ஒரு பெருவிரல் தடம் வெள்ளையாகத் தெரிந்தால் துடைக்க வழி இருக்காது. அதனால் மூடியை ஒட்ட ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையையே பயன்படுத்துங்கள். வெளியே பிதுங்கினாலும் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.

சிறகுப்பட்டறை

மிக விளக்கமாகச் சொன்னீர்கள், ஐயா. கடைசியாக ஒன்றே ஒன்று: துடைத்த அன்றே பிரைமர் தெளிக்க வேண்டுமா, மறுநாள் வரை வைத்திருக்கலாமா?

பதில்: பாலிமர்வாத்தியார்

ஆல்கஹால் பறந்துவிட்டது என்று தெரிந்தவுடன் தெளித்துவிடுவதே நல்லது. மறுநாள் வரை வைக்க நேர்ந்தால் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சமையலறைக்கு அருகில் வேண்டாம், தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை மெல்லப் படிந்துவிடும். மேசை மெருகுக்கும் கார் டேஷ்போர்டு பளபளப்புக்கும் தெளிக்கும் ஸ்பிரேக்களில் சிலிகோன் உண்டு. அந்த அறையில் அவற்றைத் தெளிக்கவே வேண்டாம். எண்ணெய் இட்டு ஓடும் கம்ப்ரெசரானால், ஏர்பிரஷை முதலில் ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் வெறும் காற்றாகச் சிறிது நேரம் ஊதிப் பாருங்கள். காகிதத்தில் ஈரப்பொட்டோ எண்ணெய்ப்பொட்டோ விழுந்தால், நீர் பிடிக்கும் வடிகட்டியைத் திறந்து வடித்துவிட்டுப் பிறகு விமானத்தின் பக்கம் திருப்புங்கள்.